முந்திரித் தோப்பும் வரத்துக்காலும்: சில நாட்குறிப்புகள்

பிப்ரவரி 8

சிவகங்கை மாவட்டத்தில் கல்லல் போகிற வழியில், எங்கள் கண்மாய்க்கு மேற்கே கிடந்த பொட்டல் காட்டை வெளியூர்க்காரர் ஒருவர் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து முந்திரி வைத்திருக்கிறார். ஒட்டுக்கன்று, சொட்டுநீர், மூன்று போர்வெல். முந்திரி எங்களுக்குப் புதுசு கிடையாது. ஐப்பசி கார்த்திகை மழையைக் குடித்துவிட்டு, வேறு யாரும் தண்ணீர் விடாமலே பங்குனியில் காய்க்கிற மரம் அது. செம்மண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான மரம் கிடைப்பது கஷ்டம். எனக்கு உறுத்துவது சுற்றிலும் போட்டிருக்கும் வரப்பு. ஜேசிபி வைத்து இடுப்புயரத்துக்கு மண் அணைத்திருக்கிறார்கள், மேற்கிலிருந்து கண்மாய்க்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அதில் முட்டி அப்படியே நின்றுவிட்டது.

பிப்ரவரி 11

அக்கா மகன் கலிபோர்னியாவில், பிரெஸ்னோ பக்கம் இருக்கிறான். இன்றைக்குப் பேசும்போது, "மாமா, இங்க பாதாம் பூக்க ஆரம்பிச்சிருச்சு, லாரி லாரியா தேனீப் பெட்டி வந்து இறங்குது" என்றான். உலகத்துப் பாதாமில் சுமார் 80 சதவீதம் அந்த ஒரு மாநிலத்தில் விளைகிறது, அதை வெளிநாடுகளில் அதிகம் வாங்குவது நாம்தான். கல்யாண வீட்டுப் பாதாம் அல்வாவில் போய்ச் சேருவது பெரும்பாலும் அந்தப் பருப்பு. பிப்ரவரியில் பூ பூக்கிற சில வாரங்களுக்காக இருபது லட்சம் பெட்டிகளுக்குக் குறையாமல் நாட்டின் பல மூலைகளிலிருந்து அங்கே கொண்டுவருகிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே மரம், பூ உதிர்ந்துவிட்டால் தேனீ தின்ன வேறொன்றும் இல்லை, அதனால் பெட்டியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகவேண்டியிருக்கிறது. அத்தனை பெட்டிகள் ஒரே இடத்தில் கூடுவதால் நோயும் பேனும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றிவிடுகின்றன.

பிப்ரவரி 15

வாட்ஸப்பில் ஒருவர், ஒரு பாதாம் பருப்புக்கு 12 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அனுப்பியிருந்தார். கலிபோர்னியாக் கணக்குத்தான் அது, 2019-இல் வந்த ஆய்வு. உலக சராசரி பார்த்தால் ஒரு கிலோ பாதாம் பருப்புக்குச் சுமார் 16,000 லிட்டர், உடைத்த நிலக்கடலைக்குச் சுமார் 4,000 லிட்டர் என்று மெக்கோனன், ஹூக்ஸ்ட்ரா என்ற இருவர் போட்ட கணக்கு சொல்கிறது. முந்திரிக்கும் அதில் பெரிய எண்தான்.

ஆனால் அந்தக் கணக்கில் மழைத் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது. மானாவாரி முந்திரி குடிப்பது தன் தலையில் விழுந்த மழையை. போர் போட்டு இறைத்த தண்ணீரும் அதுவும் ஒன்றாகிவிடுமா? எத்தனை லிட்டர் என்று கேட்பதற்கு முன்னால் யார் தண்ணீர், எங்கே போகவேண்டிய தண்ணீர் என்று கேட்க வேண்டும். நான் இந்தக் குறிப்புகளை எழுத ஆரம்பித்ததே இதைச் சொல்லத்தான்.

கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் 1977-இல் எடுத்த ஒரு படம் உண்டு. மெண்டோட்டா பக்கம் ஒரு கம்பத்தில் உச்சிக்கு அருகே 1925, நடுவில் 1955, காலடியில் 1977 என்று எழுதியிருக்கும். அந்தந்த வருடம் தரைமட்டம் எங்கே இருந்தது என்பதற்கான அடையாளம். நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கிட்டத்தட்ட 9 மீட்டர் பூமி உள்ளே போயிருக்கிறது. அன்றைக்குப் பாதாமை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, பருத்தி முதல் எல்லா வெள்ளாமையும்தான். பிறகு பாதாம் பெருகியபோது ஒரு சிக்கல் கூடிவிட்டது. பருத்தியை வறட்சி வருடத்தில் போடாமல் விடலாம். 25 வருடம் காய்க்கவேண்டிய மரத்துக்குத் தண்ணீர் நிறுத்த யாருக்கும் மனசு வராது. 2012 முதல் 2016 வரை வறட்சியில் இன்னும் ஆழமாகத் துளை போட்டார்கள், பக்கத்துச் சின்ன ஊர்களில் வீட்டுக் கிணறுகள் வற்றின. 2014-இல்தான் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டமே வந்தது.

மார்ச் 1

தோப்புக் காவல்கார அண்ணனிடம் பேசினேன். பழைய முறையில் 7 மீட்டருக்கு ஒரு மரம், ஏக்கருக்கு எண்பது சொச்சம். இங்கே அடர் நடவு, ஏக்கருக்கு 200. மரம் கூடினால் தண்ணீர் கூடும், பூச்சியும் கூடும். தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி வந்தால் பூங்கொத்து கருகிவிடும் என்று துளிர் விடும்போது ஒன்று, பூக்கும்போது ஒன்று, பிஞ்சு பிடிக்கும்போது ஒன்று என மருந்தடிக்கிறார்கள். "காலையில அடிக்காதீங்க அண்ணே, தேனீ வர்ற நேரம்" என்றேன். "எனக்கென்ன தம்பி, சொன்ன நேரத்துக்கு அடிக்கிறேன்" என்றார். வாயில் துண்டு கூடக் கட்டாமல் அடிக்கிறார், அது இன்னும் கவலையாக இருக்கிறது.

கேரளாவில் காசர்கோட்டில் இதே முந்திரிக்கு, இதே தேயிலைக் கொசுவுக்குத்தான் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தை ஹெலிகாப்டரில் இருபது வருடத்துக்கு மேல் தெளித்தார்கள். மலைச்சரிவில் தோப்பு, கீழே ஓடையும் குடிக்கிற கிணறும். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. 2017-இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. பிறவியிலேயே உடல் முடங்கிய பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மாருக்கு அந்தப் பணம் எந்த மூலைக்கு.

மார்ச் 9

கொட்டை தரையில்தான் விழும், பொறுக்க வசதியாக இருக்கட்டும் என்று களைக்கொல்லி அடித்துத் தோப்புத் தரையைச் சுத்தமாக வழித்துவிட்டார்கள். ஒரு புல் இல்லை. ஆட்டுக்காரர்கள் கண்மாய்க் கரையோடு சரி.

மார்ச் 22

உலக தண்ணீர் தினம் என்பதால் கிராம சபை. வரப்பு விஷயத்தை எழுந்து சொன்னேன். புதுக்கோட்டைப் பக்கம் தைலமரக் காடுகளில் இப்படி வரப்பு போட்டு மழைத்தண்ணீரை மறிக்கிறார்கள் என்று விவசாயிகள் எத்தனை வருடமாகப் போராடுகிறார்கள் என்பதையும் சொன்னேன். தோப்பு மேலாளர் வந்திருந்தார். "வரப்புக்குள்ள நிக்கிற தண்ணியும் பூமிக்குள்ளதானங்க போகுது" என்றார். கொஞ்சம் போகும், மறுக்கவில்லை. ஆனால் அதை அவர்கள் போரே திரும்ப மேலே இழுத்துவிடும். கண்மாயில் தேங்கினால் அது பாயும் ஆயக்கட்டு நிலம் முழுக்கக் கிணறு ஊறும், மாடு குடிக்கும், நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். ஒரு கண்மாய்க்கு வரத்தை அடைத்தால் கீழே இருக்கிற அத்தனை கண்மாய்க்கும் அடைத்த மாதிரி.

நிலம் கொடுத்த சித்தப்பாவுக்குக் கோபம். "கண்மாய் நெறஞ்சு எத்தனை வருசமாச்சு? கருவேலம் மண்டிக் கெடந்த காட்டுக்கு ஒருத்தன் காசு தர்றான், வேண்டாங்கச் சொல்றியா?" அவர் கேட்பது நியாயம். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார். முந்திரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை சித்தப்பா, வரத்துக்காலை விடுங்கள், மரத்தை 7 மீட்டரில் வையுங்கள், கன்று பிடித்த பிறகு போரை நிறுத்துங்கள் என்றேன். காய்ப்பு குறையும், உண்மைதான். அந்தக் குறைவுக்கு ஏற்றபடி குத்தகையும் குறைந்தால் அவர் என்ன செய்வார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஏப்ரல் 5

வரத்துக்கால் குறுக்கிடும் இடத்தில் வரப்பை உடைத்துக் குழாய் பதிக்கச் சம்மதித்திருக்கிறார்கள். குழாய் போதாது, செத்தை அடைத்துக்கொள்ளும், கால் இருந்த அகலத்துக்கே திறந்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டார். போர் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. மே 1 கிராம சபையில் அதைத்தான் முதலில் எடுக்கப்போகிறோம். அதற்குள் சுற்றியிருக்கும் கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கயிறு விட்டு அளந்து வைக்கவேண்டும். நாளைக்குத் தெற்குத் தெருக் கிணறுகள்.