அரிசி ஆலையில் இரவு வேலையும் ஐஸும்

ஒரு ஊழியர் ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமீன் போதைப்பொருளைப் பாவிக்கத் தொடங்கினால், முதல் கொஞ்சக் காலத்துக்கு மேலதிகாரிக்கு அவரை மிகவும் பிடித்துப்போகும். வன்னியில் ஒரு அரிசி ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து நான் கண்டது இது. நேரத்துக்கு வருவார். களைப்பு என்ற பேச்சே வராது. இரவு வேலைக்கு ஆள் குறைந்தால் "நான் நிக்கிறன் அண்ணை" என்று தானே முன்வருவார். பகல் முழுக்க மூட்டை தூக்கியவர் இரவும் நிற்பார், விடிந்த பிறகும் அவர் முகம் வாடியிருக்காது. முதலாளி அவரைக் காட்டி மற்றவர்களுக்குப் புத்தி சொல்வார். போதைப்பொருள் பாவிக்கும் ஊழியரை அடையாளம் காண்பது பற்றி நான் வாசித்த கையேடுகள் எல்லாம் வேலை கெட்டுப்போன கட்டத்திலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்கு முந்தியே, வேலை அளவுக்கு மீறி நன்றாக நடக்கும்போதே, நாங்கள் பார்க்கத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

காலபோக அறுவடை நேரம் ஆலைகள் எப்படி இருக்கும் என்று கிளிநொச்சிப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். மாசி, பங்குனியில் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்கள் எல்லாம் ஒன்றாக வெட்டுக்கு வரும். வெட்டு மெசின்கள் இரவிலும் ஓடும். ஈர நெல்லைக் குவித்து வைத்தால் சூடேறிப் பழுதாகிவிடும் என்பதால் கமக்காரர்கள் உழவு இயந்திரப் பெட்டியோடு நேரே ஆலை வாசலுக்கு வந்துவிடுவார்கள். அவியல் தொட்டி ஆறாது, பொயிலர் அணையாது. அந்த நாட்களில் முழித்திருக்கக் கூடியவருக்குத்தான் உழைப்பு. மெசின் ஓட்டும் பெடியளுக்கிடையில் "ஒருக்கா அடிச்சா ரெண்டு நாளைக்கு நித்திரை வராது" என்ற கதை அப்படித்தான் புகுந்தது. அறுவடை முடிந்ததும் விட்டுவிடலாம் என்று நினைத்துத் தொடங்கியவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

என் மச்சான் ஒருவர் சூரிச்சில் ஹோட்டல் சமையலறையில் பொறுப்பாக இருக்கிறார். அவருக்கு அங்கே தலையிடி கொக்கெயின். ஐரோப்பிய நகரங்களின் கழிவுநீரைச் சோதித்துப் போதைப்பொருள் பாவனையை அளக்கிறார்கள். கொக்கெயின் கணக்கில் அடிக்கடி முன்வரிசையில் நிற்கும் ஊர்களில் சூரிச்சும் ஒன்று. மச்சான் பார்க்கும் முதல் அடையாளம், வேலை மும்முரமாக இருக்கும்போது ஒருவர் அரை மணிக்கொரு தரம் கழிவறைக்குப் போய்வருவது. மூக்கால் இழுக்கும் கொக்கெயினின் வீச்சு 15 முதல் 30 நிமிடம்தான் நிற்கும். எரிச்சலோடு போனவர் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு திரும்பி வருவார். கண்மணி விரிந்திருக்கும். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பார், சிலருக்கு மூக்கால் இரத்தம் வரும். நாட்பட்டால் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டையே விழும். மாரடைப்பு இளம் வயதிலேயே வரலாம். மதுவோடு சேர்த்துப் பாவித்தால் ஈரலில் கோக்காஎத்திலீன் என்ற இன்னொரு பொருள் உண்டாகி இதயத்துக்கு மேலும் கேடு செய்யும்.

எங்கள் பக்கம் கொக்கெயின் அரிது. இலங்கையில் அது பெருமளவில் பிடிபட்டதுண்டு. 2018 ஜனவரியில் கட்டுநாயக்காவில் 928 கிலோவைப் பகிரங்கமாக அழித்தார்கள். ஆனால் மூட்டை தூக்குகிறவரின் நாட்கூலிக்கு அது எட்டாது. இங்கே ஓடுவது ஐஸ், தூள் என்கிற ஹெரோயின், கடலால் வரும் கேரளக் கஞ்சா, அப்புறம் மாத்திரைகள். கொக்கெயினும் ஐஸும் மூளையில் டோபமீன் என்ற இரசாயனத்தைப் பெருக்கித்தான் உற்சாகம் தருகின்றன, வித்தியாசம் கால அளவில். உடம்பில் ஏறிய கொக்கெயின் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் பாதியாகக் குறையும். ஐஸ் பாதியாகக் குறைய 10, 12 மணித்தியாலம் எடுக்கும். அதனால் மச்சானின் கழிவறைக் கணக்கு எங்கள் ஆலையில் எடுபடாது. ஒரு தரம் அடித்தவர் இரவு முழுக்க ஒரே இடத்தில் நிற்பார்.

அப்படி நின்ற ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொயிலர் பார்க்கிறவர், கெட்டிக்காரன், உமி போடும் பதத்தைக் கையாலேயே அறிவார். ஒரு நாள் நடுச்சாமத்தில் நான் போனபோது மூட்டை தைக்கும் மெசினைக் கழற்றி நிலத்தில் பரப்பியிருந்தார். சாக்கை விரித்து, ஆணிகளைச் சின்னதிலிருந்து பெரிதாக வரிசை வைத்து, ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மெசினில் பழுது ஒன்றும் இருக்கவில்லை. நான் பக்கத்தில் வந்து நின்றதும் அவருக்குத் தெரியவில்லை. தாடை ஆடு அசை போடுவதுபோல அசைந்துகொண்டே இருந்தது. பின்னால் பொயிலரின் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. இராச்சாப்பாட்டுப் பார்சல் கட்டு அவிழாமல் மேசையில் கிடந்தது. தண்ணீரைச் சரிசெய்து, வேறு ஒருவரை அங்கே விட்டுவிட்டு, அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது, கழற்றிப் பூட்டுவது, அடுக்குவது எல்லாம் ஐஸ், கொக்கெயின் போன்ற ஊக்கிகள் மூளையில் செய்யும் வேலை என்று பிறகு கிளினிக் டொக்டர் சொன்னார். 'பன்டிங்' என்று அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. பொயிலரடியில் அது எத்தனை பேரின் உயிர் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதறும்.

சம்பளப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் கதை அங்கேயும் இருந்தது. ஓவர்டைம் கூடிக்கொண்டே போயிருக்கிறது, அதே நேரம் அட்வான்சும் கூடியிருக்கிறது. நிறைய உழைக்கிறவர் ஏன் மாதம் பாதியில் வெறுங்கையோடு நிற்கிறார்? சம்பளம் எடுத்த மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. ஐஸ் இறங்கும்போது ஆள் இரண்டு நாள் அடித்துப் போட்டதுபோல நித்திரை கொள்வார், எழும்பினால் அகோரப் பசி, மனம் அப்படியே இருண்டு கிடக்கும். தற்கொலை எண்ணம் வருவதும் அந்த நாட்களில்தான். இதற்கிடையில் அவருடைய மனைவி ஆலைக்கு ஃபோன் எடுத்து, "அண்ணை, இந்த மாசம் இன்னும் சம்பளம் போடேல்லையோ?" என்று கேட்டிருக்கிறார். வீட்டிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்தால் அதைக் கணக்குப் பிழை என்று விட்டுவிடக் கூடாது.

ஹெரோயின் வேறு மாதிரி. அதில் கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கும், ஆள் நின்ற நிலையிலேயே தூங்கி வழிவார். சரக்குக் கிடைக்காமல் அரை நாள் போனால் பங்குனி வெயிலிலும் உடம்பு புல்லரிக்கும், மூக்கு ஓடும், கொட்டாவி விடாது, வயிற்றால் போகும். கழிவறையில் கரிபிடித்த ஈயத்தாள் கிடந்தால் ஐஸாகவும் இருக்கலாம், தூளாகவும் இருக்கலாம்.

இந்த அடையாளங்களைப் படித்துவிட்டு எல்லோரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்குவதுதான் வன்னியில் பெரிய ஆபத்து. எங்களுடைய ஆட்களின் உடம்பும் மனமும் 2009 இறுதிப் போரைத் தாண்டி வந்தவை. நித்திரை இல்லாமை, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, எரிந்து விழுவது, தனியே போய் இருப்பது எல்லாம் அந்தக் கையேடுகளில் போதையின் அடையாளம். முள்ளிவாய்க்காலால் வந்த ஒருவருக்கு அது பதினைந்து வருடத்துக்கும் மேலான பழக்கமாக இருக்கலாம். எங்கள் தராசடியில் நின்ற ஒரு ஐயா மத்தியானத்தில் தூங்கி வழிகிறார், தூள் பாவிக்கிறார் போல என்று ஒரு கதை பரவியது. போய்ப் பேசினால், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் செல் துண்டு இருக்கிறது, எடுக்க முடியாது என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள், நோவுக்குக் கிளினிக்கில் தந்த குளிசையில் வரும் மயக்கம் அது. கிளினிக் சீட்டும் கையில் இருந்தது. சீனி வருத்தக்காரருக்குச் சீனி இறங்கினாலும் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். ஐஸ் பாவிப்பவர்கள் "ஆரோ பின்னாலை வாறாங்கள்" என்று சொல்வார்கள். போர் முடிந்த பிறகான வருடங்களில் இங்கே பலருக்குப் பின்னால் உண்மையாகவே ஆட்கள் வந்தார்கள். அந்தச் சொல்லை மட்டும் வைத்து ஒருவரை எடைபோட எனக்கு மனம் வராது.

அதனால் பொதுவான பட்டியலை விட, அந்த ஆள் முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி மாறியிருக்கிறார் என்பதையே பார்க்கிறேன். அதற்கு ஊழியரை முன்பே தெரிந்திருக்க வேண்டும். தேத்தண்ணி நேரம் கூட இருந்து கதைக்காத மேற்பார்வையாளருக்கு எந்த மாற்றமும் தெரியப் போவதில்லை.

எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்வோம் என்று முதலாளி ஒருமுறை சொன்னார். நான் உடன்படவில்லை. கொக்கெயின் இரண்டு மூன்று நாளில் சிறுநீரிலிருந்து போய்விடும், ஐஸும் சில நாள்தான். தினமும் கஞ்சா அடிக்கிறவருக்கு வாரக்கணக்கில் காட்டும். அப்படியானால் அகப்படுவது யார்? தடிமன் மருந்து குடித்தவருக்குக்கூடச் சில சாதாரணக் கிட்கள் ஐஸ் வகை என்று பிழையாகக் காட்டும். ஊருக்குள் அப்படி ஒரு பெயர் வந்துவிட்டால், தங்கச்சியின் கலியாணப் பேச்சு வரைக்கும் அது போகும்.

பொயிலர்த் தம்பியோடு பேசியது மறுநாள் அல்ல, அவர் நித்திரை கொண்டு எழும்பி வந்த பிறகு. அறிவு தெளியாத நேரம் பேசினால் வாய்ச்சண்டைதான் வரும். ஆலைக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் இரண்டு பேரும் இருந்தோம்.

"தம்பி, நீ என்ன பாவிக்கிறாய் எண்டு நான் கேக்கேல்லை. நான் கண்டதை மட்டும் சொல்லுறன். தண்ணி கீழ்க்கோட்டுக்கு வந்தது உனக்குத் தெரியேல்லை. இந்த மாசம் ஐஞ்சு தரம் அட்வான்ஸ். சம்பளத்துக்கு மற்ற நாள் வரேல்லை."

"நித்திரை முழிப்பு அண்ணை, வேறை ஒண்டுமில்லை."

"சரி. அப்ப இண்டையிலை இருந்து உனக்கு இரவு வேலை இல்லை. பொயிலருக்கும் போக வேண்டாம். வேலையாலை நிப்பாட்டேல்லை, விளங்குதோ?"

கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை" என்றார். அதுவே எனக்குப் பதில்.

ஆனால் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவருடைய பயம் வேறு. "மூத்தவனை 2009இலை ஓமந்தைச் சோதனைச்சாவடியிலை பிரிச்செடுத்துப் புனர்வாழ்வு எண்டு ரெண்டு வருசம் வச்சிருந்தவங்கள். இவனையும் அங்கை குடுக்கச் சொல்லுறீங்களோ தம்பி?" என்று கேட்டார். முன்னாள் போராளிகளை வைத்திருந்த அதே புனர்வாழ்வுப் பணியகம்தான் பொலன்னறுவை மாவட்டத்தில் உள்ள கந்தகாட்டுப் போதைப் புனர்வாழ்வு நிலையத்தையும் நடத்துகிறது. 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததும், நூற்றுக்கணக்கானவர்கள் தப்பி ஓடியதும் செய்தியாக வந்தன. போதைப்பொருளுக்கு எதிரான பொலிஸின் 'யுக்திய' நடவடிக்கை 2023 டிசம்பரில் தொடங்கிய பிறகு வீட்டுக்காரர் இன்னும் மூடி மறைக்கிறார்கள். சட்டமும் கடுமை. ஹெரோயினோ கொக்கெயினோ 2 கிராமுக்கு மேல் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு ஐஸ் 5 கிராமுக்கும் அப்படியே. தான் பாவிக்கவும் கூட்டாளிகளுக்குக் கொடுக்கவும் என்று கொண்டு திரிகிற பெடியனுக்கு அந்த அளவு தூரமில்லை.

மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், அங்கே போனால் ஆளைப் பொலிஸ் கொண்டுபோகாது என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தவே நாள் எடுத்தது. ஐஸுக்கோ கொக்கெயினுக்கோ இதுதான் மருந்து என்று அங்கீகரிக்கப்பட்ட குளிசை எதுவும் இன்னும் இல்லை. நித்திரைக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து தருவார்கள், மிச்சம் எல்லாம் திரும்பத் திரும்பப் போய் ஆலோசனை பெறுவதில்தான். அதனால் கிளினிக் நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது என்று முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். அந்தத் தம்பி இடையில் ஒருமுறை வழுக்கினார், திரும்பவும் கிளினிக்குக்குப் போனார். இப்போது பகலில் லொறியில் ஏற்றும் மூட்டைக் கணக்குப் பார்க்கிறார். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இரண்டு இலக்கங்களையும் சாப்பாட்டு அறையில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். பெண்கள் அதைப் படமெடுத்துக்கொண்டு போவதைக் காண்கிறேன், வீட்டில் யாருக்கோ தேவைப்படுகிறது.

ஆலைக்குள் சில ஒழுங்குகளை மாற்ற முடிந்தது. பகல் நின்றவரை அதே இரவு நிற்க விடுவதில்லை, எவ்வளவு நெல் வந்து நின்றாலும் சரி. பொயிலரடியில் எப்போதும் இரண்டு பேர். ஆனால் வெட்டு மெசின் பெடியள் எங்களுடைய ஊழியர்கள் அல்ல. வெளி மாவட்டங்களிலிருந்து மெசினோடு வந்து, ஏக்கர் கணக்குக்கு வெட்டி, அறுவடை முடியப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு மேற்பார்வையாளர் என்று யாருமில்லை. இரவு வெட்டு என்றால் ஒரு மெசினுக்கு இரண்டு றைவர் கட்டாயம் என்று கமக்கார அமைப்புக் கூட்டத்தில் கேட்டேன். ஏக்கருக்குக் கூலி கூடிவிடும் என்று சிலர் மறுத்தார்கள். தன் மகனும் மெசின் ஓடுகிறான் என்று ஒருவர் எழும்பி எனக்காகப் பேசினார். முடிவு எடுக்கவில்லை. காலபோக விதைப்புக்கு முன் அடுத்த கூட்டம் இருக்கிறது, அங்கேயும் இதைக் கேட்பேன்.