மாதா குளத்துத் தண்ணீர்

நேர்ச்சை என்னுடையது, வேண்டுதல் அவளுக்காக. போன வருடம் என் தோழிக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றே, நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் தாயே என்று வேண்டிக்கொண்டேன். வாரம் 3 நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். செவ்வாயும் வியாழனும் கூட உட்காருவது நான், சனிக்கிழமை அவள் தம்பி. ஹாஸ்டலில் ஒரே அறையில் தொடங்கிய பழக்கம். அவள் வீட்டில் முருகன், என் வீட்டில் மாதா. ஆனால் சின்ன வயதில் அவளுக்கு மொட்டை போட்டது வேளாங்கண்ணியில்தான், அதனால் அவளுக்கும் 'நம்ம மாதா'.

செப்டம்பர் 8 பெருவிழாக் கூட்டத்தில் நிம்மதியாக நிற்க முடியாது என்று ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் கிளம்பினேன். புறப்படும் முன் மடித்த சீட்டு ஒன்றைக் கையில் திணித்தாள். "மாதா முன்னாடி போய்ப் பிரிடி."

ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிட்டது. கைச்செபமாலையில் துக்க மறைபொருள் நான்காவது, இயேசு சிலுவை சுமந்தது, ஓடும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. வழியில் யாரோ புண்ணியவான்கள் நீர்மோர் கொடுத்தார்கள், மடமடவென்று குடித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அவளுக்கு ஒரு நாளைக்கு 1 லிட்டர் தண்ணீர்கூடக் கிடையாது, ரசமும் டீயும் அந்தக் கணக்கிலேயே. தாகம் தாங்காவிட்டால் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். ஒருநாள் ஒளித்து வைத்துத் தண்ணீர் குடித்ததைப் பார்த்து, எல்லாரும் கேட்கும்படி அவளைத் திட்டிவிட்டேன். பொறுமை, அன்பு என்று ஞாயிறுதோறும் கேட்கிற எனக்கு ஒரு டம்ளர் தண்ணீரைப் பொறுக்க முடியவில்லை. மோர் கொண்டுபோன கால் ஊனமான பையனுக்குக் காட்சி கொடுத்த தாயின் ஊருக்கு, மோர் குடித்த வாயோடு அழுதுகொண்டே நடந்தேன். போனதும் முதல் வேலையாகச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன்.

ஊருக்குள் நுழைந்ததும் ரூம் வேணுமா அக்கா, மெழுகுவத்தி வாங்குங்க அக்கா, தென்னங்கன்று அக்கா என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். நடந்து வந்தவர்களைக் கொஞ்சம் மூச்சு விட விட்டால் என்ன? வரிசையிலும் ஒரே தள்ளுமுள்ளு, கைக்குழந்தைக்காரிக்குக்கூட வழி விடமாட்டேன் என்கிறார்கள்.

அப்புறம் அந்தப் பட்டுச் சேலையும் கையில் பாலனுமாக அம்மா கண்ணில் பட்டதும் அவ்வளவும் போய்விட்டது. சீட்டைப் பிரித்தேன்.

'ரெண்டாம் கட்டில் பாட்டிக்கு ஊசி ஒரே தடவையில் ஏறணும். அஞ்சாம் கட்டில் தம்பிக்குச் சீக்கிரம் கிட்னி கிடைக்கணும். நைட் ட்யூட்டி சிஸ்டர் மகளுக்குப் பரீட்சை. கூட வந்து உட்காருகிறவளுக்கு முதுகுவலி போகணும்.'

அவ்வளவுதான். தனக்கென்று ஒரு வரிகூட இல்லை.

கப்பர்நாகூமில் முடக்குவாதக்காரனை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கினார்களே, அந்த நாலு பேரில் ஒருத்தி நான் என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். கட்டிலில் கிடந்தவளே எங்கள் எல்லாரையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கேட்க வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. நன்றி அம்மா, நன்றி அம்மா, இவளை எனக்குத் தோழியாகக் கொடுத்ததற்கு நன்றி. அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து யாரோ தள்ளும் வரை. மாதா குளத்துக்கு மணலில் முழந்தாளால் போனபோதும் அதேதான். முட்டி தோல் உரிந்தது அறைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை குளத்துத் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் கொண்டுபோனேன். அவள் இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி ஏற்ற ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்தது, இருக்கும் இடத்தில் விரல் வைத்தால் தேனீ கூண்டுக்குள் இரைவதுபோல் அதிரும். அதன் மேல் மெதுவாகக் கை வைத்து, அன்றைக்குத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதை அன்னைக்கே மறந்துட்டேன், லூசு" என்றாள். மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மீதியை ரெண்டாம் கட்டில் பாட்டிகிட்ட கொடு. காலையிலேர்ந்து நீ வந்தாச்சான்னு கேட்டுட்டே இருக்காங்க."