ஒரே பில்லுக்கு எத்தனை வரைபடம்?

எங்கள் நிறுவனத்தில் வேலைமுறை வரைபடங்களுக்குப் பஞ்சமே இல்லை. விசியோவில் கொஞ்சம், பவர்பாயின்டில் கொஞ்சம் என்று ஆலைக்கு ஒரு கட்டு. அத்தனையையும் மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஒரே பொதுக் களஞ்சியமாக்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது.

சப்ளையர் பில்லையே எடுத்துக்கொள்வோம். பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவு ரசீது, பில் மூன்றும் பொருந்தினால் பணம் போகும். இது எங்கும் ஒன்றுதான். ஆனால் ஓர் ஆலையில் தரச் சோதனை முடிந்தபின்தான் ரசீது போடுவார்கள். இன்னொன்றில் லாரி கேட்டைத் தாண்டியதுமே போட்டுவிடுவார்கள். முழு வரைபடத்தையும் பொதுவாக்கப் பார்த்தால் சண்டைதான் மிச்சம். அந்த மூன்றும் பொருந்தும் துண்டை மட்டும் தனியே எடுத்தால் யாருக்கும் ஆட்சேபமில்லை.

வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு வந்தபோது இதன் அருமை தெரிந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். அதற்குள் பணம் தராவிட்டால், தந்த ஆண்டில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும். பில் பதிவாகும் இடத்தில் ‘சப்ளையர் குறு, சிறு நிறுவனமா?’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும். ஆனால் எந்தெந்த வரைபடத்தில்? பாதிக்கு மேல் ‘ஃபைனல்’, ‘நியூ ஃபைனல்’ என்றே பெயர்.

அப்புறம்தான், வேலைமுறைகளை வரைவதற்கான பொதுக் குறியீட்டு முறையான பிபிஎம்என் 2.0-இன் ‘கால் ஆக்டிவிட்டி’க்கு (call activity) மாறினோம். தடித்த கோட்டுக் கட்டம் ஒன்று, பொதுத் துண்டை அழைக்கும். துண்டை ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு பதிப்பு எண், ‘இதை யார் பயன்படுத்துகிறார்கள்’ என்ற பட்டியல். அந்தப் பட்டியல் இல்லாத களஞ்சியம் என் பார்வையில் வெறும் ஃபோல்டர்.

உள்ளே விடும் முன் சோதிக்கவும் வேண்டும். ‘இது அல்லது அது’ என்று பிரிந்த பாதைகளை ‘இரண்டும் வரட்டும்’ என்று சேர்த்துவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். வராத ஒன்றுக்காகக் காத்தே கிடக்கும். சாப் (SAP) நிறுவனத்தின் வணிக மென்பொருளான ஆர்/3-க்குரிய மாதிரி வேலைமுறைத் தொகுப்பில் இருந்த 604 படங்களை ஆய்வாளர்கள் அலசியபோது, குறைந்தது 34-இல் இப்படியான கோளாறுகள் இருந்தன. அவ்வளவு பெரிய தொகுப்பிலேயே அப்படி என்றால், நம் ஆலைப் படங்களை என்ன சொல்ல!

ஜாப் ஒர்க் பில், அதாவது நம் பொருளை வெளியே கொடுத்து வேலை செய்து வாங்குவதற்கான பில், மட்டும் இன்னும் தனியாகவே இருக்கிறது. பொதுத் துண்டு அதற்குப் பொருந்தாது என்கிறார் அந்த பில்களைப் பார்க்கும் ஆலைக் கணக்காளர். அவர் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது.