இரண்டரைக் கல்

நான் பஸ் ஓட்டிய 22 வருடத்தில் பாதிக்கு மேல் சென்னை–கும்பகோணம் ரூட். வடலூர் தாண்டினால் அப்போதெல்லாம் சாதாரண இரட்டை வழிச் சாலைதான், நடுவில் தடுப்பு கிடையாது. முன்னால் போகிற லாரியைத் தாண்ட வேண்டுமானால் எதிரே வருகிறவருடைய பாதையில்தான் ஏறியாக வேண்டும்.

"ஓவர்டேக் எடுக்கும்போது மட்டும் ஸ்பீடு பார்க்கக் கூடாது. டக்குன்னு ஏறி டக்குன்னு இறங்கிடணும்" என்று டிரைவர்கள் ரூமில் எல்லோரும் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அதை நம்பினேன். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வரும். லாரி 60-ல் போகிறது, நான் 80-ல் தாண்டுகிறேன். பஸ் நீளம், லாரி நீளம், முன்னும் பின்னும் விடுகிற இடைவெளி எல்லாம் சேர்த்து 64 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கடக்கப் பதினொன்றரை விநாடி ஆகும். அதற்குள் பஸ் 256 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே ஒரு வண்டி அதே 80-ல் வந்தால் அதுவும் 256 மீட்டர் நெருங்கியிருக்கும். ஆக, 500 மீட்டருக்கு மேல் காலி ரோடு வேண்டும். 100-ல் தாண்டினால் ஆறு விநாடிகூட ஆகாது, 300 மீட்டருக்குள் வேலை முடிந்துவிடும்.

ஆனால் ஆள் நிறைந்த பஸ், லாரியின் வாலைப் பிடித்து 60-ல் போய்க்கொண்டிருக்கும்போது, நினைத்தவுடன் 100-க்குத் தாவாது. அந்த வேகம் கையில் வருவதற்குள் பாதி நேரம் எதிர்ப்பாதையிலேயே போய்விடும். அப்புறம், 80-ல் பிரேக் பிடித்து நிறுத்துவதற்கு ஆகிற தூரம், 100-ல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. எதிரே ஆள் வந்துவிட்டால் நமக்கு வேண்டியது அந்தப் பிரேக்தானே.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு சாயங்காலம். புது வண்டிகளுக்கு 80-ல் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கவர்னர் கட்டாயம் என்று 2015-ல் விதி வந்திருந்தது. அப்படி ஒரு வண்டியை என் கையில் கொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சேத்தியாத்தோப்புக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லோடு லாரி. சைடு இருக்கிறது என்று ஏறிவிட்டேன். பக்கத்தில் போனதும் லாரிக்காரர் வேகத்தைக் கூட்டினார். நான் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினேன். முள் 80-ல் நின்றுவிட்டது. அதற்கு மேல் காலுக்கு வண்டி பதில் சொல்லவில்லை.

எதிரே ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். பின்னால் புல்லுக்கட்டு. பிரேக் பிடித்து லாரிக்குப் பின்னால் திரும்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்கே இரண்டு விநாடி ஆயிற்று. அதற்குள் அவர் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிவிட்டார். நான் லாரிக்குப் பின்னால் ஒதுங்கியபடியே அவரைத் தாண்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, சரிந்த புல்லுக்கட்டை ஒரு கையால் தாங்கியபடி நின்றிருந்தார். திட்டவில்லை, கையைக்கூட ஓங்கவில்லை. எங்கள் பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் இன்றைக்கும் மறக்கவில்லை.

கும்பகோணம் போய்ச் சேரும்வரை ஸ்பீடு கவர்னர் மேல்தான் கோபமாக இருந்தேன். ஸ்டாண்டில் ஒரு மூத்த டிரைவரிடம் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "ஏறும்போது எத்தனை கல் தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டார். நெடுஞ்சாலை ஓரத்தில் 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் இருக்கும். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, நான் எண்ணியதே இல்லை. "ரெண்டரைக் கல்லுக்கு மேல சுத்தமா தெரியாம ஏறாதே தம்பி. தெரிஞ்சா 80 போதும். தெரியலைன்னா 100-ம் போதாது" என்றார்.

லாரிக்காரர் செய்ததும் தப்புதான். தன்னைத் தாண்டுகிற வண்டி போய்ச் சேரும்வரை வேகத்தைக் கூட்டக் கூடாது என்று சாலை விதியே இருக்கிறது. ரோஷத்துக்காக அதை மீறுகிறவர்கள் மேல் எனக்கு இன்னமும் ஆத்திரம் வரும். ஆனால் அவர் அப்படிச் செய்யக்கூடும் என்பதையும் சேர்த்துத்தான் நான் இடம் பார்த்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில், இரட்டை வழிச் சாலையில் ஓவர்டேக் எடுக்கும்போது மட்டும் மணிக்கு 15 மைல் கூடுதலாகப் போக அனுமதி உண்டு என்று என்னிடம் டிரெயினிங் வந்த ஒரு பையன் சொன்னான். உண்மைதான், அங்கே சட்டமே இருக்கிறது. ஆனால் அது கார், மோட்டார் சைக்கிள், பிக்கப் மாதிரி வண்டிகளுக்குத்தான், பஸ்ஸுக்கும் லாரிக்கும் கிடையாது. நம் ஊர் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓவர்டேக்குக்கு என்று தனிச் சலுகை எதுவும் இல்லை. புல்லுக்கட்டு எக்ஸ்எல்லும், ரிஃப்ளெக்டர் இல்லாத கரும்பு டிராக்டரும் வருகிற ரோட்டில் அது வேண்டவே வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

"டைம் விழுந்துடுமே அண்ணே" என்றான் அவன். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று அவனையே போடச் சொன்னேன். 10 கிலோமீட்டர் முழுக்க அந்த 60 லாரிக்குப் பின்னாலேயே போனால் 10 நிமிடம். 80-ல் போனால் ஏழரை. டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கழித்துப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். மீன்சுருட்டி வரைக்கும் வாய்க்குள்ளேயே கல் எண்ணிக்கொண்டு வந்தான்.