அயனிக்கட்டைக் காளானில் கொம்பு வைத்த வண்டு

குலசேகரம் பக்கம் எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், காற்றில் சாய்ந்த அயனி மரம் ஒன்று இரண்டு வருடமாகக் கிடக்கிறது. ஆனி மழையில் அதன் தடியில் தட்டுத் தட்டாகக் காளான் வந்திருந்தது. கறிக்கு ஆகாது, மரம் மாதிரி கெட்டி. ஒன்றைப் பிடுங்கி வெள்ளைத் தாளில் தட்டினேன். பழுப்புத் தூள் கொட்டியது. உள்ளே ஏதோ தின்றுகொண்டிருக்கிறது!

அதை ஊறுகாய் பாட்டிலில் போட்டு இறுக மூடியது தப்பு. ஐந்தே நாளில் பாட்டில் வியர்த்து, பூசணம் பிடித்து, உள்ளே இருந்த வெள்ளைப் புழுக்கள் செத்துவிட்டன. ரொம்ப வருத்தமாகிவிட்டது.

அடுத்த தட்டை இரண்டு நாள் நிழலில் உலர்த்தினேன். பாட்டில் வாயில் பழைய வேட்டித்துணியைக் கட்டி, மூன்று நாளுக்கு ஒருமுறை துணியை மட்டும் லேசாக நனைத்தேன். 19-ஆம் நாள் காலை, தாளில் கடுகு ஒன்று நடந்தது.

10 மடங்கு லென்ஸில் பார்த்தபோது கேப்சூல் மாத்திரை போல உருண்டு நீண்ட உடம்பு. முதுகெல்லாம் குட்டை மயிர். உணர்கொம்பின் நுனியில் மூன்று மணி கோத்தாற்போல ஒரு தடிப்பு. இன்னொன்றுக்கு முன்பக்கம் இரண்டு குட்டிக் கொம்புகள்! அது ஆண். இந்த வண்டுக் குடும்பத்துக்கு சியிடே என்று பெயர். பல இனங்களில் ஆணுக்குத்தான் கொம்பு. பெரும்பாலானவை 5 மில்லிமீட்டரைத் தாண்டாது. எந்த இனம் என்று லென்ஸை வைத்துச் சொல்ல முடியாது, குடும்பத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு எல்லாமே அந்தக் காளானுக்குள்தான். தட்டு தூளாகும்வரை தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும்.

நடுவில் அப்பா கேட்டார்: “மக்ளே, அந்தத் தடியைக் கீறி விறகாக்கிரட்டா?”

“வேண்டாம்ப்பா, இதைப் பாருங்க.”

லென்ஸை வாங்கிக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. “கொம்பெல்லாம் இருக்கே!” என்றார். தடி கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

ரப்பர் கட்டைகளையும் பார்த்தேன். மெல்லிய வெள்ளைக் காளான்தான் இருந்தது, வண்டு கிடைக்கவில்லை. செய்து பார்க்க நினைப்பவர்கள் சொந்த விளையிலேயே தேடுங்கள். கீரிப்பாறைக் காட்டுப் பக்கம் போனால் கண்ணால் பார்ப்பதோடு சரி, ஒரு காளானைக்கூட எடுக்காதீர்கள்.

அப்புறம், போன வாரம் பழைய தட்டுக்குப் பக்கத்தில் புதுத் தட்டு ஒன்றை வைத்தேன். இன்று காலை அதன் அடியிலும் ஒரு சிட்டிகைத் தூள் விழுந்திருந்தது.