நொய்யலுக்கு ஒரே நிர்வாகம் வேண்டும்

காலையில் திருப்பூரில் நொய்யல் பாலத்தைக் கடக்கும்போது வண்டியை ஓரங்கட்டினேன். தூணைச் சுற்றி வெள்ளை நுரை. அதில் ஒரு பால் பாக்கெட்டும் பனியன் துணித் துண்டும் சிக்கிச் சுழன்றுகொண்டிருந்தன.

பக்கத்தில் நின்ற பெரியவர், "மழை பேஞ்சா போதுங் தம்பி, எல்லாத்தையும் தொறந்து உட்ருவாங்க" என்றார்.

சரி, யாரிடம் சொல்வது?

கரையும் படுகையும் நீர்வளத் துறைக்கு. தண்ணீரின் தரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. சாக்கடை மாநகராட்சிக்கு. எல்லை தாண்டினால் ஊராட்சி.

வெள்ளியங்கிரியில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று போய்க் காவிரியில் சேர்கிற ஆறு. நான்கு ஆட்சியர்கள் இருக்கிறார்கள். முழு ஆற்றுக்கும் பதில் சொல்ல ஒருவர் இல்லை.

பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி நின்றதை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2011இல் உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டிவந்தது.

நியூசிலாந்தில் 1989இல் உள்ளாட்சியைச் சீரமைத்தபோது, வட்டார மன்றங்களின் எல்லைகளைப் பெரும்பாலும் ஆற்று வடிநிலங்களை ஒட்டியே வகுத்தார்கள். ஒரு ஆறு, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு மன்றம்.

நொய்யலுக்கும் அப்படி ஒரு அமைப்பு வேண்டும். பெயருக்கு ஒரு கமிட்டி போதாது. சொந்த நிதி வேண்டும், அபராதம் போடும் அதிகாரம் வேண்டும். அப்புறம், கடைமடை விவசாயிக்கு அதில் ஓட்டு வேண்டும். மேலே விடுகிற கழிவு அவர் கிணற்றில்தான் இறங்குகிறது.