இருபத்து நாலு எபி கையிருப்பு: வீட்டோடும் கோயிலோடும் காதல் தொடர் எழுதுவது

குமரி மாவட்டத்தில் இணையத் தளங்களில் காதல் தொடர் எழுதும் பெண்களிடம் முதலில் வரும் கேள்வி, நேரம் எப்படிக் கிடைக்கிறது என்பதுதான். நேரத்தை எப்படியாவது எடுத்துவிடலாம். ஆனால் எங்களுக்குத் தெரிந்து நடுவில் நின்றுபோன தொடர்களில் பெரும்பாலானவை மூன்று காரணங்களால் நின்றவை. தவறான மாதத்தில் தொடங்கியிருப்பார்கள், காதல் காட்சிக்கு எல்லை வைத்திருக்க மாட்டார்கள், அல்லது வீட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் யூடி (அப்டேட், அதாவது புதிய பகுதியைத் தளத்தில் ஏற்றுவது) போடும் முன்பே இந்த மூன்றையும் முடித்துவிட வேண்டும்.

நாட்காட்டியிலிருந்து தொடங்குங்கள். நாற்பது எபி (எபிசோடு), ஒவ்வொன்றும் 1,200 சொல், மொத்தம் 48,000 சொல். ஒரு குடும்பக் காதல் கதைக்கு இது சரியான அளவு. வாரம் மூன்று யூடி என்றால் 14 வாரம் ஆகும். அந்த 14 வாரத்தை குமரி மாவட்டத்தில் எங்கே வைப்பது? நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் கோயில் கொடியேறினால் டிசம்பர் 3 வரை வீடு நம்முடையதல்ல. அது முடிந்ததும் கேரல் ரவுண்ட்ஸ், கிறிஸ்மஸ், 31ஆம் தேதி இரவு ஆராதனை. சுசீந்திரம் பக்கம் மார்கழித் தேர், பிறகு பொங்கல். மாசியில் மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைத் திருவிழா, அதே சமயத்தில் கிறிஸ்தவர்களின் தவக்காலமான லெந்து நாட்கள். மார்ச், ஏப்ரலில் பிள்ளைகளின் பரீட்சை. மே மாதம் முழுக்கக் கல்யாண வீடும் விருந்தாளிகளும். மிஞ்சுவது ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரைதான். ஆடியில் இந்து வீட்டுக் கல்யாணங்கள் இல்லை என்பதால் அழைப்பும் குறைவு. ரமலான் நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும் என்பதால், இடலாக்குடி, தக்கலை, திருவிதாங்கோடு பக்கத்து எழுத்தாளர்கள் அந்தந்த ஆண்டுக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். நோன்பு மாதத்தில் யூடி வேண்டவே வேண்டாம்.

பொங்கல் கழிந்து எழுத உட்கார்ந்தால் ஜூன் நடுவரை சுமார் இருபது வாரம். கொடை, பெரிய வியாழன், பரீட்சை, கல்யாணம் எல்லாம் போக எழுதக் கிடைப்பது பன்னிரண்டு வாரம். வாரம் இரண்டு எபி எழுதினால் 24 கையில் இருக்கும். அந்த 24 இல்லாமல் முதல் யூடி போடாதீர்கள். வாரம் மூன்று போட்டு இரண்டு எழுதிக்கொண்டே வந்தால் எட்டாவது வாரம் கதை எழுதி முடிந்துவிடும், அப்போதும் 16 எபி கையில் நிற்கும். வாரம் ஒன்றுதான் எழுத முடிந்தது என்றால் ஆறாவது வாரம் கையிருப்பு 12க்கு வந்துவிடும். 12தான் எச்சரிக்கைக் கோடு. அதற்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே வாரம் இரண்டு யூடியாகக் குறைத்து, வாசகர்களுக்கு அறிவித்துவிட வேண்டும்.

ஏன் 12? நான்கு வார யூடி அது. வீட்டில் ஒரு இழவு விழுந்தால் பதினாறாம் நாள் வரை யாரும் எழுத உட்கார முடியாது, உட்காரவும் கூடாது. அதன்பின் மனம் கதைக்குத் திரும்ப இன்னொரு வாரமாவது வேண்டும். மாமியை ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் இதே கணக்குத்தான். ஜூன், ஜூலையில் எழுத்து குறையும் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுக்குப் போகிற ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். மேற்கே விளவங்கோடு, திருவட்டார் தாலுகாக்களில் மழைக்கு பிளாஸ்டிக் கட்டாத ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு நின்றுவிடும். வீடு நிறைந்திருக்கும் மாதங்கள் இவை.

நாளில் எந்த நேரம் என்றால், பால்வெட்டு வீடுகளில் பதில் ஏற்கெனவே இருக்கிறது. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் ஆட்கள் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். கட்டன்சாயா போட்டுக் கொடுத்து அனுப்பிய பிறகு நாலரையிலிருந்து ஆறு வரை நம்முடையது. ஒரு அமர்வில் 600 சொல், இரண்டு அமர்வில் ஒரு எபி, மூன்றாவது நாள் திருத்தம். இரவை நம்பாதீர்கள். குடும்ப ஜெபம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், நாளைக்கு அரைக்க வேண்டிய மாவு எல்லாம் முடிகையில் கண் செருகும். அப்படி எழுதியதைக் காலையில் மறுபடி எழுத நேரும்.

அடுப்பங்கரையில் மீன்கறி கொதிக்கையில் செல்போனில் குரல் தட்டச்சு செய்யலாம். ஆனால் கதைசொல்லும் பகுதிக்கு மட்டும். உரையாடலுக்கு அது உதவாது. ‘என்னுடைய’ என்ற பொருளில் ‘எனக்க’ என்றால் ‘எனக்கு’ என்று போடும், ‘அவிய’வும் (அவர்கள்) ‘மைனி’யும் (அண்ணி) என்ன ஆகும் என்று சொல்லவே முடியாது. நம் ஊர்ப்பேச்சுதான் நம் கதைக்கு உயிர். அதைக் கருவி திருத்திவிட்டதைக் கவனிக்காமல் யூடி போனால் நாகர்கோவில் நாயகி எந்த ஊர்க்காரி என்றே தெரியாமல் போய்விடும். உரையாடலைக் கையால் தட்டுங்கள்.

இனி விசுவாசம். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள்: இந்தக் கதையில் கதவு எங்கே மூடும்? கை பிடிப்பதோடா, முத்தத்தோடா, முதலிரவின் வாசலிலா? ஒவ்வொருவருக்கும் அவரவர் மனச்சாட்சி. எந்த இடம் என்பதைவிட, அது பத்தாவது எபியிலும் முப்பதாவது எபியிலும் ஒரே இடமாக இருப்பதுதான் முக்கியம். கமெண்டில் கேட்கிறார்கள் என்று நடுவில் கதவைத் திறந்தால் முதலில் வந்த வாசகர்கள் போய்விடுவார்கள். ஞாயிறு ஆராதனையில் நம் மனமும் நிற்காது. காதலை எழுதுவதே பாவமோ என்று குமைகிறவர்கள் உன்னதப்பாட்டின் எட்டு அதிகாரத்தையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். ஆண்டாளை வாசியுங்கள். சுசீந்திரம் தாணுமாலயனான சிவனுக்காகக் காத்து நின்று, முகூர்த்தம் தவறி, கன்னியாகவே இன்றும் கடலோரம் நிற்கிற பகவதி கதை நம் மாவட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது.

மதம் கடந்த காதலை எழுதுகிறவர்களுக்கு இன்னும் பொறுப்பு அதிகம். 1982 மண்டைக்காடு இந்து-கிறிஸ்தவக் கலவரத்தை மறக்காத மாவட்டம் இது. கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, சண்டைக் காட்சிக்கு உண்மையான பெயர் வேண்டாம். யாராவது ஒருவர் மதம் மாறுவதை முடிச்சவிழ்க்கும் உத்தியாக வைக்க வேண்டாம். இரண்டு வீட்டுக் குடும்ப ஜெபத்தையும் விளக்கேற்றுவதையும் அன்போடு எழுதத் தெரிந்தால் மட்டும் தொடுங்கள்.

இந்த வகையில் அதிகம் தப்பு நடக்கும் இடம் திடீர்க் கல்யாணம். மூன்று நாளில் கட்டாயத் தாலி என்பது வாசகர்கள் விரும்பும் திருப்பம்தான். ஆனால் கத்தோலிக்கக் கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையிலும் இந்த அறிக்கை உண்டு. அதற்கு விலக்கு வாங்கியதைக் கதைக்குள் சொல்லாமல் மூன்றாம் நாள் மோதிரம் மாற்றினால் நம் ஊர் வாசகர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார். நிக்காஹ் என்றால் இரண்டு ஜமாத்தும் வர வேண்டும். 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு என்றால் 30 நாள் அறிவிப்பு, அதற்கு முன் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். லெந்து நாளில் சர்ச் கல்யாணமும் ஆடியிலோ மார்கழியிலோ இந்து முகூர்த்தமும் வைத்துவிடாதீர்கள். கதையின் மாதங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டால் இது தப்பாது. அந்த 30 நாள் காத்திருப்பே நல்ல ஐந்து எபிக்கு இடம் தரும்.

காதலைப் பாடும் அகத்திணையில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது. பெயர் சொன்னால் அது யாரோ ஒருவருடைய கதை ஆகிவிடும். நம் ஊரில் இது இன்றைக்கும் நடைமுறைப் பாடம். ஒரு விளையின் (சிற்றூரின்) பெயர், வீட்டுக்காரரின் தொழில், பிள்ளைகள் எத்தனை பேர் என்ற மூன்றும் சேர்ந்தால் போதும், ஆள் யாரென்று அடுத்த ஞாயிறே சர்ச் வாசலில் பேச்சாகிவிடும். ஆகவே விளைக்குக் கற்பனைப் பெயர் வைத்து, அப்படி ஒரு ஊர் ஆறு தாலுகாவிலும் இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வில்லனின் பெயரை உங்கள் சபைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் போன்ற பெரிய ஊர்களின் பெயர் இருக்கலாம், தெரு வேண்டாம்.

வீட்டில் சொல்வதைப் பொறுத்தவரை, கணவரிடமும் மாமியிடமும் முதல் யூடிக்கு முன்பே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: எந்தப் புனைபெயர், என்ன மாதிரிக் கதை, கதவு எங்கே மூடும். வேறு யாரோ லிங்க் அனுப்பி அவர்கள் முதலில் அறிவதுதான் வீடுகளில் வரும் பெரிய மனத்தாங்கல். ஒவ்வொரு எபியையும் காட்டி ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை. அப்படிக் கேட்டால் நாயகன் மெல்ல மெல்ல வீட்டுக்காரர் மாதிரியே ஆகிவிடுவான். தனி மெயில் ஐடி, பிள்ளைகள் எடுக்கும் போனில் கமெண்ட் அறிவிப்பை அணைத்து வைப்பது, இவை இரண்டும் கட்டாயம்.

பணத்துக்கு வருவோம். தொடர் முடிந்ததும் அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலில் போடுகிறவர்கள், அதற்கு மட்டுமே கதையைக் கொடுக்கும் கிண்டில் செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் வேறெங்கும் மின்வடிவில் கதை இருக்கக் கூடாது. மாதிரிக்கு 10 விழுக்காடு வரை வைக்கலாம். நாற்பதில் நான்கு எபி. மற்ற 36ஐயும் தளத்திலிருந்து எடுத்த பிறகே சேருங்கள். ஒரு பழைய எபி எங்கோ கிடந்தாலும் புத்தகம் நிறுத்தப்படலாம். பணம் மாத முடிவிலிருந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் வரும், ஆகவே மே மாத வாசிப்புக்கு வரும் பணத்தை ஜூன் ஸ்கூல் பீஸுக்குக் கணக்குப் போடாதீர்கள். அமேசானின் வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கேட்டால் அமெரிக்க விற்பனையின் ராயல்டியில் 30க்குப் பதில் 15 விழுக்காடு பிடிப்பார்கள்.

பதிப்பகத்துக்குக் கொடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் காலத்தையும் எல்லையையும் எழுதச் சொல்லுங்கள். காலம் எழுதாவிட்டால் காப்புரிமைச் சட்டம் 5 ஆண்டு என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். ஆனால் அச்சு, மின்நூல், ஒலிநூல், நாடகம் என்று ‘எல்லா உரிமையும்’ ஒரே வரியில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் அந்தச் சட்டமும் பெரிதாகக் காப்பாற்றாது. ஒவ்வொன்றையும் தனியாகக் கொடுங்கள்.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குத் தசமபாகமாகக் கொடுக்கும் வீடுகளில் இந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள். மொத்தத்திலா, வரி பிடித்து வங்கியில் விழுந்த தொகையிலா என்பதை இருவரும் உட்கார்ந்து ஒருமுறை முடிவு செய்தால் மாதாமாதம் பேச்சு எழாது.

செப்டம்பர் கடைசி யூடி போனபின் ஒரு வாரம் கமெண்டுகளுக்குப் பதில், அக்டோபரில் பிழை திருத்தம், அட்டைப்படம், தளத்திலிருந்து நீக்கம். புத்தகம் நவம்பர் முதல் வாரத்தில் ஏறிவிட வேண்டும். கோட்டாறில் கொடியேறும்போது லேப்டாப் உறைக்குள் இருக்கட்டும்.